ஒரு கட்டில், இரண்டு ஷிஃப்ட்

எங்கள் வீட்டுக் கட்டில் ஆறிப்போனதே கிடையாது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இரவில் அவர் அதில் தூங்குவார், பகலில் நான் தூங்குவேன். என் கணவர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எப்போதும் முதல் ஷிஃப்ட். நான் அமெரிக்காவில் யாருக்காவது கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போனில் வழி சொல்கிற வேலையில் இருக்கிறேன். அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு ராத்திரி. மகள் சின்னவளாக இருந்தபோது, ஆள் மாற்றி ஆள் வீட்டில் இருக்கலாம் என்று செய்துகொண்ட ஏற்பாடு இது. அவள் வளர்ந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

விடிகிற நேரத்தில் என்னை இறக்கிவிடும் கேபும் அவரை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ்ஸும் எங்கள் தெருமுனையில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து நிற்கும். அங்கேதான் வீட்டுச் சாவி கைமாறும். "ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, மோட்டார் போட்டிருக்கேன், ஆஃப் பண்ணிடு" என்பார். "சரிங்க" என்பேன். மாடி ஏறிப் படுத்தால் தலையணையில் அவர் சூடு இன்னும் இருக்கும். மற்றவர்கள் படுக்கையறையில் வைத்துப் பேசுகிற குடும்ப விஷயங்களை எல்லாம் நாங்கள் பஸ் ஹாரனுக்கு நடுவே பேசி முடித்திருக்கிறோம்.

இந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவருக்குப் பதில் மெதுவாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரம் குறைவாக இருந்தது குடும்பத்துக்கு நல்லதுதான் என்று மகளே கேலி செய்வாள்.

அவருடைய ரத்த அழுத்தம்தான் முதலில் வாலை ஆட்டியது. தொழிற்சாலையில் வருடாவருடம் நடக்கும் பரிசோதனையில் அதிகம் என்றார்கள். ஒரு மாத்திரை ஆரம்பித்தது. அது போதவில்லை என்று இன்னொன்று சேர்ந்தது. பிறகு மூன்றாவதும் வந்தது. எதற்கும் மசியவில்லை. பழி முழுக்க உப்பின் தலையில் விழுந்தது. ஊறுகாய் ஜாடியை என் துணி அலமாரிக்கு மாற்றினேன். அப்பளம் நிறுத்தினேன். அவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "காவேரி தண்ணிக்கே இதைவிட ருசி இருக்கு" என்பார்.

கூடவே வேறு சில தொல்லைகளும் இருந்தன. ராத்திரி பலமுறை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்றார். சர்க்கரைதான், வேறென்ன என்று நானே தீர்ப்புச் சொல்லி டெஸ்டுக்கு அழைத்துப்போனேன். சர்க்கரை இல்லை. காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதீர்கள், பனிக்காற்று ஆகாது என்றேன். சாயங்காலம் டிவியில் செய்தி ஆரம்பிப்பதற்குள் அவருக்குக் கண் சொருகிவிடும். வயசு ஆகிறது, அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்தோம். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

பிறகு ஒருநாள் சாயங்காலம், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி ஏறி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "பெல்ட் ஸ்லிப் ஆகுற மாதிரி இருக்குது. ஓடுது, நிக்குது, அப்புறம் சேத்து வெச்சு ஓடுது" என்றார். அவருக்கு எதையும் மெஷின் பாஷையில்தான் சொல்ல வரும். கேபைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று ஈ.சி.ஜி. பார்த்துச் சொன்னார்கள். மருந்து கொடுத்து அன்று நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் இதய மருத்துவரிடம் போனோம். கன்னடக்கார அம்மா, தமிழ் நன்றாகவே பேசினார். இப்படித் தாளம் தப்பும்போது ரத்தம் இதயத்துக்குள்ளேயே தேங்கி உறைந்துபோகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். என் கணவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பானர் பிடிக்கும் கை அது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவரைவிடப் பயம்.

மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், என் கணவரின் தடித்த கழுத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி இவரு குறட்டை விடுவாராம்மா?"

"விடுவாரு டாக்டர். நல்லா தூங்குவாரு."

"நடுவுல மூச்சு நிக்குமா? நின்னு, அப்புறம் திணறிக்கிட்டு எழுந்துக்குவாரா?"

லீவு நாளிலும் என் உடம்பு ராத்திரியில் தூங்காது. ஹாலில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பேன். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்கும். மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியல டாக்டர்" என்றேன். "நாங்க ஒண்ணா தூங்குறதில்ல."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று உறைத்தது. மருத்துவர் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஷிஃப்ட் மேடம், ஷிஃப்ட்!" என்று என் கணவர் பக்கத்திலிருந்து அவசரமாகச் சொன்னார். பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்தியது. எங்கோ இருக்கும் ஒருவருடைய கம்ப்யூட்டர் ஏன் நின்றுபோனது என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் படுத்திருக்கும் மனிதரின் மூச்சைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை.

அப்போதுதான் பஸ் ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வருபவர் ஒருவர் உண்டு. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர். அவருக்குப் போன் செய்து, பஸ்ஸில் இவர் எப்படித் தூங்குவார் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அண்ணாவோட குறட்டை நம்ம பஸ்ல ஃபேமஸ்க்கா. கூட்லு கேட் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் ஆயிடும். அப்புறம் ஸ்வல்ப நேரம் டக்னு நின்னு போயிடும். சத்தமே இருக்காது. அடுத்த ஸ்டாப்புக்குள்ள மறுபடி ஸ்டார்ட் ஆகுமா ஆகாதான்னு பின் சீட்டு பசங்க சும்னே பந்தயம் கட்டுவாங்க."

"ஆகலன்னா?"

"நான் முழங்கையால ஒரு குத்து விடுவேன். கொர்ருனு எழுந்துடுவாரு. தெனமும் குத்துறதுதான்க்கா. ஏன், எதாவது பேஜாரா?"

பேஜார்தான் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஐயோ, நாங்க தமாஷா எடுத்துக்கினோம்க்கா" என்றார். நானும்தான், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி செய்தேன். உப்பு கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அவர் தூங்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த லஞ்சம் அது. சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு அவர் படுத்துத் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மீசையில் நரை வந்திருப்பதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தேன்.

குறட்டை ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. அந்த அமைதியைத்தான் நான் இத்தனை நாளும் நிம்மதியான தூக்கம் என்று எண்ணியிருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் அதில் நிம்மதியே இல்லை. வயிறு மேலே எழும்புகிறது, நெஞ்சு உள்ளே இழுக்கிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. உள்ளே ஒரு மனிதர் பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருப்பது போல இருந்தது. நானும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. எனக்கு மூச்சு முட்டியது. நான் விட்டுவிட்டேன், அவர் இன்னும் விடவில்லை. பிறகு உடம்பே தூக்கிப்போட, பெரிதாக ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த நிமிடமே மறுபடி குறட்டை. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி விரட்டப்பட்டது போல ஓடியது.

அவர் எழுந்ததும், "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டேன். "செம தூக்கம்" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

நான் பார்த்ததைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டிலேயே செய்கிற தூக்கப் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தார். நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கருகே ஒரு குழாய். முடிவு வந்தபோது, மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்ற எண்ணைச் சொன்னார். அதை எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. நான் கேள்வி கேட்கிற ஜன்மம். எந்தக் கோளாறுக்கும் மூலம் எதுவென்று தெரியாமல் போனை வைத்துப் பழக்கமில்லை. தொண்டையில் அடைப்பது எதற்காக இதயத்தைப் போய் உலுக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது. நெஞ்சு காற்றை இழுக்கப் பார்க்கிறது. காற்று வராததால் அந்த இழுப்பு நெஞ்சுக்குள் இருக்கிற இதயத்தின் மேல் விழுகிறது. இதய அறைகளின் சுவர் இழுபடுகிறது. அதற்குள் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆபத்து என்று உடம்பு அலறுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. மூளை ஒரு கணம் எழுப்பிவிட்டு மறுபடி தூங்கவிடுகிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இரவு முழுக்க இதுவே திரும்பத் திரும்ப நடந்தால் இழுபட்ட சுவர்கள் ஒருநாள் தாளம் தப்புகின்றன. பகலில் மாத்திரை கொடுத்து இறக்கும் அழுத்தத்தை இரவு ஏற்றிவிடுகிறது.

"பாத்ரூமுக்கு அடிக்கடி எழுந்துக்கறாருன்னு சொன்னீங்களே, அதுவும் இதாலதான் இருக்கும்" என்றார். இழுபட்ட இதயம், தன்னிடம் நீர் கூடிவிட்டது என்று தவறாக எண்ணி, வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறதாம். "உடம்பு பூரா தூங்கும்போது ஹார்ட்டும் கொஞ்சம் ஓய்வு எடுக்கணும். இவருக்கு அதுக்குச் சான்ஸே இல்ல."

என் கணவர் மெதுவாகத் தலையாட்டினார். "அப்போ ஹார்ட்டு ராத்திரி ஃபுல்லா ஓவர்டைம் பாக்குது" என்றார்.

தீர்வு ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். பெட்டி மெல்லக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றின் அழுத்தத்தில் தொண்டை மூடாது. மூக்கு வறளாமலிருக்கப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. தினமும் போட வேண்டும், போட்டால் இதயத்துக்கு இழுபறி குறையும், போடாவிட்டால் மாத்திரை தனியாகப் போராட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

முதல் நாள் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "யானைத் தும்பிக்கை" என்றார். மறுநாள் தெருமுனையில் சாவி கொடுக்கும்போது, "போட்டுக்கிட்டேன், பரவால்ல" என்றார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். ரீஸ்டார்ட் செய்யாமலே செய்துவிட்டேன் என்று சொல்லும் வாடிக்கையாளர்களோடு தினமும் மல்லுக்கு நிற்பவள் நான். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். ராத்திரி ஓடியிருந்தால் குறைந்திருக்க வேண்டிய தண்ணீர் முந்தின நாள் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் நான் போட்ட சத்தம் கீழ்வீடுவரை கேட்டிருக்கும். "யாரை ஏமாத்துறீங்க? என்னையா, உங்க ஹார்ட்டையா?" என்று கத்தினேன். அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் பதில் சொன்னார். "தூங்குறதுக்குக்கூட மெஷின் வெச்சுக்கிட்டா மனுசன் எதுக்கும்மா? பஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்." சொல்லிவிட்டு, பெட்டியைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். நான் கேபில் ஏறினேன். ஒரு வாரம் தெருமுனையில் சாவி மட்டும் கைமாறியது, பேச்சு இல்லை. வேலையில் என் செல்போன் அடிக்கும்போதெல்லாம் வீட்டிலிருந்துதானோ என்று எடுத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அவருக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிது. தொழிற்சாலையில் மெஷினை எல்லாம் துடைத்து மாலை போட்டு, பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டு வருவார். வந்த கையோடு வீட்டுப் பூஜை: ஸ்பானர் செட், டிரில்லிங் மெஷின், ஸ்கூட்டர், மிக்ஸி, என் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. இதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது ஓட்டியே ஆக வேண்டும். ஒரு வருஷம் டிரில்லிங் மெஷினை ஓட்ட வேலை எதுவும் இல்லை என்று, மாட்டுவதற்குப் படமே இல்லாமல் சுவரில் துளை போட்டவர் அவர். அந்தத் துளை இன்னும் இருக்கிறது.

அவர் வருவதற்குள் நான் பரணில் ஏறினேன். பெட்டியை இறக்கித் துடைத்தேன். மாஸ்க்கைக் கழுவிக் காயவைத்தேன். டிரில்லிங் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் நடுவில் மணைப்பலகையில் வைத்து, குழாயை அழகாகச் சுருட்டி, மேலே ஒரு சாமந்திப்பூவும் வைத்தேன்.

பொரி பொட்டலத்தோடு வந்தார். குளித்துவிட்டு வந்து, வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே போனவரின் கை அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றது. என்னைப் பார்த்தார். நான் வாழைப்பழத்தைச் சீப்பிலிருந்து மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின.

"காத்து வர்ற ஓட்டைல வெச்சிடாதீங்க" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் ஸ்கூட்டரை உதைத்தார், மிக்ஸியை ஒரு சுற்று ஓட்டினார், டிரில்லால் ஒரு பழைய பலகையில் துளை போட்டார். கடைசியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டு மாஸ்க்கை மூக்கில் வைத்தார். கண்ணோரம் காற்று கசிவதைக் கையால் தடவிப் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறியது. நோயாளி போய் ஃபிட்டர் வந்துவிட்டார். "இந்த ரப்பர் கேஸ்கெட்டு சரியா உக்காரல. எவன் மாட்டினான் இதை?" என்றார். மாட்டியது அவரேதான். பட்டையைத் தளர்த்தி, இறுக்கி, படுத்துப் பார்த்து, எழுந்து மறுபடி திருத்தி, இந்த அளவு தனக்குப் பெரிது என்று கண்டுபிடித்தார். அடுத்த வாரம் கடையில் சின்ன மாஸ்க்காக மாற்றி வாங்கிவந்தார். வாரம் தவறாமல் ஃபில்டரை அவரே தட்டிச் சுத்தம் செய்தார். தன் பராமரிப்பில் இருக்கும் மெஷினைச் சும்மா கிடக்கவிட அவரால் முடியாது.

ஆனால் தண்ணீர்த் தொட்டியை நம்பி வாழ எனக்கு இஷ்டமில்லை. டீம் லீடரிடம் போய்ப் பகல் ஷிஃப்ட் கேட்டேன். காரணம் சொன்னேன், பையன் முகத்தில் ஈயாடவில்லை, மூன்று மாதம் கொடுத்தான். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு யார் சுவரோரம் படுப்பது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. என் உடம்போ ராத்திரியைப் பகல் என்றே நம்பிக்கொண்டிருந்தது. முதல் சில வாரங்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மெல்லிய இரைச்சல் ஒரே சீராகக் கேட்கும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டைத் தொடுவேன். "தூங்கும்மா" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் போன் செய்தார். "என்னக்கா பண்ணீங்க? அண்ணா இப்ப தூங்குறதே இல்ல. ஹெப்பகோடி வரைக்கும் வாய் மூடாம பேசினு வர்றாரு. பின் சீட்டு பசங்களுக்கு போர் அடிக்குதாம்" என்றார். மானம் போய்விடும் என்று பயந்தவரே மாஸ்க்கைப் பற்றி பஸ் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் மறுபடி மருத்துவரிடம் போனோம். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஒரு மாத்திரையை நிறுத்தினார். இதயத் துடிப்பு இப்போது ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் மறுபடி தப்பலாம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் மாஸ்க்கையும் விடக்கூடாது என்றார். ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். அவர் கைகள் இரண்டும் மேசைமேல் சும்மா கிடந்தன.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படிம்மா? மாஸ்க் போட்டிருக்கும்போது குறட்டை வருதா? நடுவுல மூச்சு நிக்குதா?"

இந்தத் தடவை பதிலோடுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்த பிறகுதான் யோசித்தேன். கடைசியாக அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது எப்போது என்றே ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல டாக்டர்" என்றேன். "இப்பல்லாம் நானும் தூங்கிடுறேன்."